“குரல் மேட்ச் ஆயிடுச்சு” என்றால் என்ன அர்த்தம்?

சோலோ எபிசோட். பேசியதைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுத்தாக்கியிருக்கிறேன்.

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். நீங்க அனுப்பிய கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கேள்வி இதுதான். ஒரு ஆடியோ கசியுது. அதில் பேசுவது இன்னார்தான் என்று ஒரு தரப்பு, “அது என் குரலே இல்லை” என்று இன்னொரு தரப்பு. நாலு நாள் கழித்து டிவியில் கீழே ஒரு வரி ஓடுது: ஆய்வகச் சோதனையில் குரல் பொருந்தியது. சரி, எதை எதோடு பொருத்திப் பார்த்தாங்க? பொருந்தியது என்றால் எவ்வளவு பொருந்தியது?

நான் பார்க்கிற வேலை சாஃப்ட்வேர். காலேஜில் சிக்னல் ப்ராசஸிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் போர்டு நிறைய எழுதிப் போட்டாங்க, எதுக்குன்னு மட்டும் கடைசி வரை யாரும் சொல்லலை. இந்தக் கேள்வி அதுக்கு நல்ல பதில். ஏன்னா இந்த விஷயத்தில் ஒரு ஆள் ஜெயிலுக்குப் போறதும் வீட்டுக்குப் போறதும் சில நேரம் ஒரு கணக்கை எப்படிப் படிக்கிறோம் என்பதில் இருக்கு.

முதலில் மெஷினை விட்டுடுவோம். நம்ம காதை எடுத்துக்குவோம். அம்மா போனில் “ஹலோ” சொன்னா போதும், கண்டுபிடிச்சிடுவோம். அதனால குரலை அடையாளம் காண்பது ஈஸி என்று நம்ம எல்லாருக்கும் ஒரு நினைப்பு. ஆனா அது பழகிய குரல். ஒரே ஒரு தடவை கேட்ட அந்நியரின் குரல்?

1932-இல் அமெரிக்காவில், விமானி சார்ல்ஸ் லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்திட்டாங்க. ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு நியூயார்க்கில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பணம் கைமாறியது. கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜான் காண்டன் என்ற ஒரு முதியவர். லிண்ட்பர்க் தள்ளி, காருக்குள் உட்கார்ந்திருந்தார். இருட்டில் இருந்து ஒருவன் காண்டனை “ஹே டாக்டர்” என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான் அவர் கேட்டது. 1934 செப்டம்பரில் புரூனோ ஹாப்ட்மன் என்ற தச்சர் கைதானார். அவரைப் பேச வைத்துக் கேட்ட லிண்ட்பர்க், அதே குரல்தான் என்றார். அடுத்த ஜனவரியில் கோர்ட்டிலும் அதையே சொன்னார். நடுவில் ரெண்டரை வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. அந்த வழக்கில் வேறு சாட்சியங்களும் இருந்தன: ஹாப்ட்மன் கராஜில் கிடைத்த பணம், கையெழுத்து, ஏணியின் மரம். ஆனா ஒரு தேசமே ஹீரோவாக் கொண்டாடிய மனுஷன் கூண்டில் ஏறி “அதே குரல்” என்று சொன்னால் ஜூரி மேல் அது என்ன மாதிரி இறங்கும் என்று நினைச்சுப் பாருங்க. 1936 ஏப்ரலில் ஹாப்ட்மனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்த வழக்கைப் பார்த்துத்தான் ஃபிரான்சஸ் மெகீ என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 1937-இல் வெளிவந்தது. திரைக்குப் பின்னால் இருந்து ஒரு அந்நியர் வாசிப்பதை மாணவர்கள் கேட்கணும், பிறகு ஐந்து குரல்களில் அவர் யார் என்று சொல்லணும். மறுநாள் கேட்டபோது 83 சதவீதம் பேர் சரியாகச் சொன்னாங்க. ஐந்து மாதம் கழித்துக் கேட்டபோது 13 சதவீதம். ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே 20 சதவீதம் சரியா வரும், பாஸ்! லிண்ட்பர்க்குக்கு ரெண்டரை வருஷம்.

சரி, காது வேண்டாம். மெஷினுக்கு வருவோம். ஆனா அதுக்கு முன்னாடி, குரல் என்பது என்ன சிக்னல் என்று பார்த்துடணும்.

இப்போ நான் பேசுறது மைக் வழியா வெறும் எண்களாத்தான் பதிவாகுது. என் ரெக்கார்டிங்கில் ஒரு நொடிக்கு 48,000 எண்கள். பழைய டெலிபோன் தரத்தில் ஒரு நொடிக்கு 8,000. இந்த எண்களை அப்படியே பார்த்தால் யாருக்கும் ஒண்ணும் புரியாது. நான் “ஆ” என்று ரெண்டு தடவை சொன்னால் ரெண்டு வரிசைக்கும் ஒரு எண்கூடப் பொருந்தாது. அதனால அதுக்குள்ளே இருக்கிற ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு எடுக்கணும்.

இதை நீங்களே இப்போ செஞ்சு பார்க்கலாம். பஸ்ஸில் இருக்கீங்கன்னா பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தொண்டையில் கை வைத்து “ஆ… ஈ…” என்று சொல்லுங்க. கையில் அதிர்வு தெரியுதா? இப்போ அதையே ரகசியம் பேசுற மாதிரி, காற்றில் மட்டும் சொல்லுங்க. அதிர்வு போச்சு. ஆனாலும் எது “ஆ”, எது “ஈ” என்று தெளிவா கேட்குது. அப்படின்னா அதிர்வு வேறு, எழுத்து வேறு.

அதிர்வு வருவது குரல் நாண்களில் இருந்து. வளர்ந்த ஆண்களுக்கு ஒரு நொடிக்குச் சுமார் 100-120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை திறந்து மூடும். இதைத்தான் பிட்ச் என்கிறோம். அதற்கு மேலே தொண்டையும் வாயும் சேர்ந்த ஒரு குழாய் இருக்கு. ஆண்களுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்த குழாய் எந்த அதிர்வெண்களில் நல்லா ஒலிக்கும் என்று ஸ்கூல் ஃபிசிக்ஸில் ஒரு கணக்கு வருமே, அதே கணக்குத்தான் இங்கேயும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், அதை 17 சென்டிமீட்டரின் நாலு மடங்கால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அடுத்தது 1500, அதற்கடுத்தது 2500. நாக்கை எதுவும் செய்யாமல் “அ…” என்று இழுக்கும்போது கிட்டத்தட்ட இந்த இடங்களில்தான் சத்தம் தூக்கலா இருக்கும். இந்த மேடுகளுக்கு ஃபார்மண்ட் என்று பெயர். நாக்கை மேலே, முன்னாடி கொண்டுபோனால் முதல் மேடு 300 பக்கம் இறங்கும், இரண்டாவது 2000-க்கு மேல் ஏறும்: அது “ஈ”. வாயைத் திறந்து நாக்கைக் கீழே விட்டால் முதல் மேடு 700 பக்கம் ஏறும்: அது “ஆ”. அதிர்வு ஒரு மூலம், குழாய் ஒரு வடிகட்டி. ஸ்வீடனின் குன்னர் ஃபான்ட் 1960-இல் எழுதிய புத்தகத்தில் இதை முழுக் கணக்காகவே போட்டு வைத்தார். இன்னைக்கு வரைக்கும் பேச்சு ஆராய்ச்சியின் அடித்தளம் அதுதான்.

இதைக் கேட்டதும் ஒரு ஆசை வரும். ஒவ்வொருத்தர் குழாயும் வேறு அளவு, வேறு வடிவம். அப்போ இந்த மேடுகளை அளந்தால் ஆளைக் கண்டுபிடிச்சிடலாமே?

பெல் லேப்ஸில் லாரன்ஸ் கெர்ஸ்டா என்பவருக்கு இந்த ஆசை வந்தது. ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒன்று இருக்கு. நேரம் இடமிருந்து வலம், அதிர்வெண் கீழிருந்து மேல், சத்தம் தூக்கலா இருக்கும் இடம் கருப்பு. குரலைப் படமாப் பார்க்கிற வித்தை. 1962-இல் நேச்சர் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே “வாய்ஸ்பிரிண்ட்” என்ற சொல் இருந்தது. ஃபிங்கர்பிரிண்ட் மாதிரி வாய்ஸ்பிரிண்ட். படத்தைப் பார்த்தே 99 சதவீதத்துக்கு மேல் சரியா ஆளைச் சொல்லிடலாம் என்றார். பெயர் நச்சுன்னு இருந்ததால் அமெரிக்க கோர்ட்டுகளுக்குள் இது வேகமா நுழைஞ்சது. நல்ல பெயர் வைக்கிறது எவ்வளவு ஆபத்து, பாருங்க.

சிக்கல் என்னன்னா, கைரேகை என்பது உங்ககிட்ட இருக்கிற ஒரு பொருள். குரல் நீங்க செய்கிற ஒரு செயல். நடை மாதிரி, கையெழுத்து மாதிரி. காலையில் எழுந்ததும் பேசுற குரல் வேற, மேனேஜரிடம் பேசுற குரல் வேற, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுற குரல் வேற. இந்த பாட்காஸ்டின் ரெக்கார்டிங்குகளை ப்ராட் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் எழுதினது, மொழியியல் படிக்கிறவங்க எல்லாரும் வைத்திருப்பாங்க. எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்திலும் கடைசி ஐந்து நிமிடத்திலும் என் பிட்ச் சராசரி ஒன்றாவே இல்லை. ஜலதோஷத்தோடு பதிவு செய்த ஒரு எபிசோடில் மூக்கொலிகள் மொத்தமாவே மாறியிருந்தன. எல்லாம் நான்தான்.

கெர்ஸ்டாவுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, அதே பெல் லேப்ஸில், பீட்டர்சன், பார்னி என்ற ரெண்டு பேர் இதை அழகா அளந்து வைத்திருந்தாங்க. 76 பேர், ஆளுக்குப் பத்து ஆங்கில உயிரொலிகள், ஒவ்வொன்றும் ரெண்டு தடவை. மொத்தம் 1,520 பதிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் ரெண்டு ஃபார்மண்டை அளந்து கிராஃபில் புள்ளியாக வைத்தாங்க. ஒரு உயிரொலிக்கு ஒரு புள்ளி வரலை, ஒரு மேகம் வந்தது. அந்த மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒருவர் சொன்ன ஒரு ஒலியின் புள்ளி, இன்னொருவர் சொன்ன வேறு ஒலியின் புள்ளி மேலேயே உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் புள்ளியியல் உள்ளே வருது. நமக்குத் தேவை ரெண்டு பரவல். ஒன்று, ஒரே ஆளுக்குள் குரல் எவ்வளவு மாறுது. இரண்டு, ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுது. முதலாவது சின்னதாகவும் இரண்டாவது பெரியதாகவும் இருந்தால் அந்த அளவை வைத்து ஆளைப் பிரிக்கலாம். ரெண்டும் ஒரே அளவு என்றால் எவ்வளவு நுட்பமா அளந்தும் பிரயோஜனம் இல்லை. 99 சதவீதம் என்று சொல்வதற்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி: எந்த மாதிரிப் பதிவில், எத்தனை பேருக்குள், எந்த நாளுக்கும் எந்த நாளுக்கும் இடையில்? எஃப்.பி.ஐ. கேட்டுக்கொண்டதால் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி ஒரு குழு போட்டு இதை ஆராய்ந்தது. 1979-இல் அறிக்கை வந்தது. ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்து ஆளைச் சொல்லும் முறையின் பிழை விகிதம் சூழலுக்குச் சூழல் ரொம்ப மாறுது, நிஜ வழக்குகளில் அது எவ்வளவு என்று நிறுவப்படவில்லை என்பதுதான் சாரம். அதுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. அதை விசாரணைக்குத் துப்பாக வைத்துக்கொண்டது, கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுபோகவில்லை.

இன்றைய முறையில் படத்தைக் கண்ணால் பார்ப்பது குறைஞ்சிடுச்சு. பேச்சை 25 மில்லி செகண்ட் துண்டுகளா வெட்டுவாங்க, டெலிபோன் தரத்தில் ஒரு துண்டுக்கு 200 எண்கள். 10 மில்லி செகண்ட் நகர்த்தி அடுத்த துண்டு. ஏன் இவ்வளவு சின்னது? நாக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும், ஆனா அந்தக் குட்டி நேரத்துக்குள் கிட்டத்தட்ட அசையாம இருக்கு என்று வைத்துக்கலாம். காலேஜில் படிச்ச ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் இந்தத் துண்டு மேல்தான் ஓடுது. அப்புறம் நம்ம காது கேட்கிற விதத்துக்கு ஏத்தபடி, கீழ் அதிர்வெண்களில் நெருக்கமாகவும் மேலே போகப் போக அகலமாகவும் கூட்டி, ஒரு துண்டை 13 எண்களாச் சுருக்குவாங்க. 1980-இல் டேவிஸ், மெர்மல்ஸ்டைன் எழுதிய கட்டுரை பிரபலமாக்கிய வழி இது. மூன்று நொடிப் பேச்சு என்றால் 300 துண்டு, 3,900 எண்கள். 13 பரிமாணத்தில் 300 புள்ளிகள் கொண்ட ஒரு மேகம். ரொம்ப நாளா அந்த மேகத்தின் வடிவத்தைப் பல மணி வளைவுகளின் கூட்டாக எழுதி வந்தாங்க. இப்போ நியூரல் நெட்வொர்க் அந்த மேகத்தை மொத்தமா உறிஞ்சி, உதாரணமா 512 எண்கள் கொண்ட ஒரே ஒரு வெக்டராக் கொடுத்துடும். ரெண்டு ஆடியோவுக்கு ரெண்டு வெக்டர். ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு கோணம் என்று பார்த்தால் ஒரு ஸ்கோர்.

ஸ்கோர் 0.71 என்று வருது என்று வைப்போம். இப்போ சொல்லுங்க, அதே ஆளா?

தெரியாது! 0.71 என்பது 71 சதவீதம் இல்லை. அது வெறும் ஒரு எண். அதற்கு அர்த்தம் கொடுக்க வேறொரு வேலை செய்யணும். அதே மாதிரித் தரமுள்ள பதிவுகளில், ஒரே ஆளின் ரெண்டு பதிவு என்று நமக்கு நிச்சயமாத் தெரிந்த ஜோடிகள் நிறைய எடுத்து ஸ்கோர் போடணும். வேறு வேறு ஆட்கள் என்று தெரிந்த ஜோடிகளுக்கும் போடணும். ரெண்டு வளைவு கிடைக்கும். இப்போ 0.71 என்ற இடத்தில் முதல் வளைவின் உயரத்தை இரண்டாவது வளைவின் உயரத்தால் வகுக்கணும். 100 என்று வந்தால், “இப்படி ஒரு ஸ்கோர் வருவதற்கு, ரெண்டும் ஒரே ஆள் என்றால் இருக்கிற வாய்ப்பு, வேறு ஆள் என்றால் இருக்கிற வாய்ப்பைப் போல 100 மடங்கு” என்று அர்த்தம். நேர்மையான நிபுணர் சொல்ல முடிந்த வாக்கியம் அவ்வளவுதான். ஐரோப்பியத் தடயவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த வடிவத்தைத்தான் கேட்கிறது.

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை மெதுவாப் படிங்க, ஏன்னா அதைத் தலைகீழாப் படிக்கிறதுதான் மனுஷ சுபாவம். “100 மடங்கா? அப்போ 99 சதவீதம் அவர்தான்!” என்று. இல்லை. அந்த போன் காலைச் செய்திருக்கக்கூடிய ஆட்கள் 1,000 பேர் என்று வைப்போம். வேறு எந்தத் துப்பும் இல்லை. குரல் பார்ப்பதற்கு முன்னாடி நம்ம ஆள் ஆயிரத்தில் ஒருத்தர். அவருக்கு எதிரா 1, அவர் இல்லை என்பதற்கு 999. குரல் சோதனை அந்த 1-ஐ 100 ஆக்குது. 100-க்கு 999. அதாவது அவர்தான் என்பதற்கு வெறும் 9 சதவீதம். மீதி 91 சதவீதம் வேறு யாரோ. இப்போ அதே ஆடியோ, அதே 100 மடங்கு, ஆனா டவர் விவரத்தை வைத்து அந்த இடத்தில் இருந்தது ஐந்தே பேர் என்று தெரியும் என்று வைப்போம். முன்னாடி 1-க்கு 4. இப்போ 100-க்கு 4. அவர்தான் என்பது 96 சதவீதம். குரல் மாறலை, லேப் ரிப்போர்ட் மாறலை. சுற்றி இருக்கிற மற்ற சாட்சியம் மட்டும்தான் மாறியது. அதனாலதான் “இவர்தான்” என்று ரிப்போர்ட்டில் எழுதுவது குரல் நிபுணரின் வேலையே இல்லை என்பது என் கட்சி. அவரிடம் அந்த மற்ற பாதி இல்லை. அது கோர்ட்டிடம் இருக்கு.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்த இரண்டாவது வளைவு, “வேறு வேறு ஆட்கள்” வளைவு, யாரை வைத்துப் போட்டது? 

ஒரு சின்னத் தாளை உதட்டுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு, ஹாலிவுட் படத்தில் பேசுற மாதிரி “பென்” என்று ஆங்கிலத்தில் சொல்லுங்க. தாள் ஆடும். இப்போ தமிழில் “பல்” என்று சொல்லுங்க. தாள் ஆடாது, ஆடினாலும் லேசா. உதடு திறந்ததில் இருந்து குரல் நாண் அதிர ஆரம்பிக்கும் வரை உள்ள இடைவெளிதான் வித்தியாசம். லிஸ்கர், ஆப்ரம்சன் என்ற ரெண்டு பேர் 1964-இல் 11 மொழிகளில் இதை அளந்தாங்க. அதில் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தில் அந்த இடைவெளி 60 மில்லி செகண்ட் பக்கம், தமிழில் அதில் ஒரு சின்னப் பங்குதான்.

இப்போ ஒரு தமிழர் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க ஆங்கிலம் பேசுறவங்க டேட்டாவை வைத்தால் என்ன ஆகும்? கசிந்த ஆடியோவில் அந்த இடைவெளி குறைவு. சந்தேக நபரின் மாதிரியிலும் குறைவு. டேட்டாவில் இருப்பவர்களில் யாருக்குமே இப்படி இல்லை. ஆஹா, அபூர்வமான ஒற்றுமை, பல நூறு மடங்கு என்று கணக்கு எகிறும். ஆனா கண்டுபிடிச்சது என்ன? ரெண்டு பேரும் தமிழ் பேசுறாங்க. அவ்வளவுதான். “ழ” சொல்லும்போது நாக்கு மடங்குவதால் மூன்றாவது ஃபார்மண்ட் கீழே இறங்கும், அதுவும் இதே கதை. தமிழர்களின் டேட்டா என்று மொத்தமா வைத்தாலும் போதாது. நெல்லைப் பேச்சு, கோவைப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு எல்லாம் ஒன்றா? சந்தேக நபர் நெல்லைக்காரர், காலைச் செய்தவரும் நெல்லைக்காரர் என்றால், “நெல்லைக்காரர்களுக்குள் இந்த ஒற்றுமை எவ்வளவு அபூர்வம்” என்பதுதான் கேள்வி. சாஃப்ட்வேரில் டெஸ்ட் டேட்டா ப்ரொடக்ஷன் மாதிரி இருக்கணும் என்று தினமும் சண்டை போடுறோமே, அதே சண்டைதான்.

போன் செய்கிற குழப்பம் வேறு. பழைய டெலிபோன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும். ஆணின் பிட்ச் 120 என்றால் அது போனிலேயே வருவதில்லை. ஆனாலும் ஆண் குரலாத்தான் கேட்குது, ஏன்னா 360, 480, 600 என்று அதன் மடங்குகள் வருது, அவற்றின் இடைவெளியை வைத்து மூளை 120-ஐத் தானே நிரப்பிக்குது. மூளை நிரப்பும், அளவுகோல் நிரப்பாது. கீழ்ப் பக்கம் வெட்டுப்படுவதால் முதல் ஃபார்மண்ட், குறிப்பா “ஈ” மாதிரி ஒலிகளில், நிஜத்தைவிட மேலே இருப்பதாக அளவு காட்டும். லேப்பில் உட்கார வைத்து நல்ல மைக்கில் எடுத்த மாதிரியை, போனில் பதிவான ஆடியோவோடு நேராக ஒப்பிட்டால் ஒரே ஆளே ரெண்டு ஆளாத் தெரியலாம்.

மொபைல் இன்னும் ஒரு படி மேல. மொபைலில் போவது உங்க குரலே இல்லை, உங்க குரலைப் பற்றிய குறிப்பு. 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, குழாய் இப்போ எந்த வடிவத்தில் இருக்கு, அதிர்வு எப்படி இருக்கு என்று சில எண்களை மட்டும் போன் அனுப்புது. ரொம்ப காலம் புழக்கத்தில் இருந்த ஏ.எம்.ஆர். முறையின் நல்ல தரத்திலேயே அந்தத் துண்டுக்கு 244 பிட்தான். எதிர்முனைப் போன் அதை வைத்து ஒரு குரலைச் செஞ்சு கேட்க வைக்குது. இந்தக் குடும்பத்து முறைகளுக்கு 1985-இல் வழி போட்டவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அதால், இன்னொருவர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர். அதால் 1974-லேயே, இதே குழாய் எண்களை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா என்றும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். குரலைச் சுருக்குற கணக்கும் ஆளைக் கண்டுபிடிக்கிற கணக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நம்ம ஊர்ச் சட்டத்தில் இது எங்கே நிற்குது என்று சுருக்கமா. ஒருவரைக் கட்டாயப்படுத்தி அவர் குரல் மாதிரியை எடுக்கலாமா என்பது ரொம்ப நாள் கேள்வியா இருந்தது. 2019 ஆகஸ்டில், ரித்தேஷ் சின்ஹா வழக்கில், மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 349-ஆம் பிரிவில் கையெழுத்து, கைரேகையோடு குரல் மாதிரியும் எழுத்தாவே வந்துடுச்சு. கவனிங்க, கைரேகைக்குப் பக்கத்திலேயே குரல். மாதிரி எடுக்கிற அதிகாரம் தெளிவாயிடுச்சு. எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும் என்பது அந்தப் பிரிவின் வேலை இல்லை. அதைக் குறுக்கு விசாரணையில் யாராவது கேட்டால்தான் உண்டு: எந்த டேட்டாவோடு ஒப்பிட்டீங்க? இதே தரமுள்ள போன் பதிவுகளில் உங்க சிஸ்டத்தைச் சோதிச்சீங்களா? எத்தனை தடவை தப்பா வந்தது? ஆடியோ எத்தனை நொடி? கடைசிக் கேள்வி சாதாரணமாத் தெரியும், ஆனா மூன்று நொடி ஆடியோவில் மேகம் சின்னது, வடிவமே சரியாத் தெரியாது. நீங்க வக்கீலுக்குப் படிக்கிற யாரையாவது தெரிந்து வைத்திருந்தால் இந்த எபிசோடை அனுப்பி விடுங்க, ப்ளீஸ்.

கடைசியா, எல்லாரும் கேட்ட ஏ.ஐ. க்ளோனிங். முன்னாடி சொன்னேனே, ஆளை ஒரே ஒரு வெக்டராச் சுருக்குற வித்தை, அது ஆளைச் சரிபார்க்க உருவானது. 2018-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் அந்த வெக்டரை எடுத்து, எழுத்தைப் பேச்சாக்கும் மாடலுக்குள் ஊட்டினாங்க. மாடல் அதுவரை கேட்டே இராத ஆளின் குரலில், சில நொடி மாதிரியை வைத்துப் பேச ஆரம்பிச்சது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வால்-ஈ வேறு வழியில் போனது, அதுக்கு மூன்று நொடி மாதிரி போதும். பூட்டைச் செஞ்சவரின் கணக்கு நோட்டை வைத்துத்தான் முதலில் சாவி செஞ்சாங்க. இதன் விளைவு கோர்ட்டில் ரொம்ப விநோதமா இருக்கும். 100 மடங்கு என்ற கணக்கில் ரெண்டே வாய்ப்புதான் இருந்தது: அதே மனுஷன், வேறு மனுஷன். இப்போ மூன்றாவதா ஒன்று: அந்த மனுஷனைக் குறி வைத்துச் செஞ்ச பொம்மை. பொம்மைக்கும் ஸ்கோர் அதிகமாத்தான் வரும், அதற்காகத்தானே அதைச் செஞ்சாங்க! ஆகவே இது செயற்கையா இல்லையா என்பதைத் தனியா, வேறு அளவுகளை வைத்துப் பார்க்கணும். 2015-இல் இருந்து ஏ.எஸ்.வி.ஸ்பூஃப் என்று ஒரு போட்டி இதுக்காகவே நடக்குது. ஒரு வருஷம் பிடிபட்ட பொம்மையைவிட அடுத்த போட்டியில் வரும் பொம்மை கெட்டிக்காரத்தனமா இருக்கு. இன்னொரு பக்கம், நிஜமாவே பேசினவரும் இனிமேல் “அது ஏ.ஐ.” என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்.

என் குரல் இந்த பாட்காஸ்டில் மணிக்கணக்கில் இணையத்தில் கிடக்கு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம். அதனால வீட்டில் ஒரு ஏற்பாடு. என் குரலில் போன் வந்து, அவசரம், உடனே பணம் அனுப்பு என்று கேட்டால், அம்மா ஒரு கேள்வி கேட்பாங்க. எங்க பழைய வீட்டைப் பற்றிய ஒரு கேள்வி, எந்த எபிசோடிலும் நான் சொல்லாத விஷயம். பதில் தப்பா வந்தால் போனை வைத்துவிட்டு என் நம்பருக்கு அவங்களே கூப்பிடணும். போன வாரம் நிஜமாவே நான்தான் கூப்பிட்டேன், சார்ஜர் வாங்க ஜிபேயில் ஐநூறு ரூபாய் அனுப்பச் சொல்லி. கேள்வி வந்தது. ஒழுங்கா பதில் சொன்ன பிறகுதான் பணம் வந்தது, அதுவும் முந்நூறு ரூபாய்.

அடுத்த எபிசோடில் ஒரு கெஸ்ட் வராங்க, காது கேளாதவர்களுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்குள் பேச்சு எப்படிப் போகுது என்று பேசப்போறோம். கேள்விகள் இருந்தால் எழுத்தா அனுப்புங்க. வாய்ஸ் நோட்டும் ஓகேதான்.